கை தூக்க முடியாத ஆறு கிழமை

நான்காம் வகுப்பு. கரும்பலகையில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முன்வாங்கில் இருந்த ஒரு பொடியன் கேட்டான்: "டீச்சர், நீங்க எழுதி முடிஞ்ச பொறகும் உங்கட கை ஆடிக்கிட்டே இரிக்கே, ஏன்?" கேலிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். வகுப்பு சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். இடைவேளையில் ஓய்வறைக் கண்ணாடிக்கு முன்னால் கையைத் தூக்கிப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. புயத்தில் தொங்கிய தோலை வெட்டி எடுப்பித்த கதை இது.

இரண்டரை வருடத்தில் 94 கிலோவிலிருந்து 64 கிலோவுக்கு இறங்கியிருந்தேன். சீனி வருத்தம் வந்த பயத்தில் செய்த வேலை அது. விடியற்காலையில் மட்டக்களப்பின் பழைய கல்லடிப் பாலத்தால் நடந்து கடற்கரை வரை போய்த் திரும்புவது, சோறு ஒரு நேரம் மட்டும், பிளேன்ரீயில் சீனி இல்லை. முகம் சிறுத்தது, இடுப்பு சிறுத்தது. புயம் மட்டும் சிறுத்ததா தொங்கியதா என்று சொல்லத் தெரியவில்லை. உள்ளே இருந்த கொழுப்புப் போய்விட்டது, தோல் போகவில்லை. துவைத்துக் கொடியில் போட்ட தலையணை உறை மாதிரி கமக்கட்டிலிருந்து முழங்கை வரை தொங்கியது. அழகு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மடிப்புக்குள் வேர்வை தங்கி, வெயில் காலத்தில் தோல் அவிந்து எரியும். முழங்கை வரை கை வைத்த பிளவுஸ்தான் எல்லாச் சாரிக்கும்.

முதலில் எல்லாரையும் போல நானும் உடற்பயிற்சியை நம்பினேன். ஒன்றரை லீற்றர் போத்தல் இரண்டில் தண்ணீர் நிரப்பி ஆறு மாதம் தூக்கினேன். உள்ளே தசை இறுகியது, வெளியே தோல் அப்படியே இருந்தது. நீண்ட காலம் இழுபட்ட தோலில் அதைச் சுருக்கி வைக்கும் நார்கள் பழுதாகிவிடுகின்றன. பயிற்சி தசைக்குத்தான் வேலை செய்யும், தோலைச் சுருக்காது. இதை யாராவது முதலே சொல்லியிருந்தால் அந்தப் போத்தல்களை வேறு எதற்காவது பாவித்திருப்பேன்.

அடுத்து, தெரிந்தவர் ஒருவர் ஒரு அழகு நிலையத்துக்குக் கூட்டிப்போனார். கொழுப்பைக் கரைக்கும் ஊசி, மூன்று தடவை போட்டால் கை இறுகிவிடும் என்றார்கள். என்ன மருந்து என்று கேட்டதற்குப் பெயர் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டேன். பிறகு வாசித்தபோதுதான் தெரிந்தது, இப்படியான ஊசிகளில் பேர்போன டிஒக்சிகோலிக் அமிலத்துக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்டிஏ 2015 இல் கொடுத்த அனுமதி நாடிக்குக் கீழுள்ள கொழுப்புக்கு மட்டும்தான் என்று. எனக்கோ கரைக்கக் கொழுப்பே மிச்சமில்லை. தொங்குகிற தோலுக்கு ஊசி என்ன செய்யும்?

கொழும்பில் ஒரு பிளாஸ்டிக் சேர்ஜனிடம் நேரம் எடுத்தேன். போகும் முன் அவருடைய பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவில் இருக்கிறதா என்று பார்த்தேன். இரண்டு நிமிட வேலை, அதைத் தவறவிடாதீர்கள். அழகு சிகிச்சை என்று பலகை போட்டவர்கள் எல்லாரும் சத்திரசிகிச்சை நிபுணர்கள் அல்ல.

டொக்டர் என் புயத்தின் தோலை இரண்டு விரலால் கிள்ளி இழுத்துவிட்டு, அது திரும்பிப் போகிற வேகத்தைப் பார்த்தார். வேகமென்று ஒன்று இருக்கவில்லை. தோல் நல்ல இறுக்கமாக இருந்து கொழுப்பு மட்டும் கூடியவர்களுக்குக் குழாய் வைத்து உறிஞ்சினால் போதும் என்றார். என் மாதிரி ஆட்களுக்கு உறிஞ்சினால் இன்னும் தொங்கும், வெட்டித்தான் ஆகவேண்டும். பேனாவை எடுத்துக் கமக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு கோடு கீறினார். "கை எப்படி வரும் எண்டு யோசிக்காதீங்க. இந்தக் கோடு சாகும்வரைக்கும் இருக்கும். இதுக்குச் சம்மதமா எண்டு முதல்ல முடிவெடுங்க." அந்தப் பேனாக் கோட்டோடுதான் அன்றிரவு பஸ்ஸில் ஊர் வந்தேன். இரண்டு நாள் தேய்த்துக் கழுவவில்லை. குளியலறையிலும் கண்ணாடியிலும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முடிவெடுக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நீங்களும் ஒரு பேனாவால் கீறிக்கொண்டு ஒரு கிழமை இருந்து பாருங்கள்.

கோடு எங்கே வரவேண்டும் என்பதையும் கேட்டார். புயத்தின் உட்பக்கத்தில் வைத்தால் கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது தெரியாது, கையை விரித்தால் தெரியும். பின்பக்கத்தில் வைத்தால் முன்னால் நிற்பவருக்குத் தெரியாது, பின்னால் இருப்பவருக்குத் தெரியும். என் தொழிலில் நான் முதுகைக் காட்டிக்கொண்டு பலகையில் எழுதுகிறேன், பின்னால் 38 சோடிக் கண்கள் இருக்கின்றன. உட்பக்கம் என்றேன். ஒரு தையல்காரியோ நர்த்தகியோ வேறு பதில் சொல்லக்கூடும்.

அன்றே நாள் குறித்துவிடலாம் என்று நினைத்துப் போன எனக்கு அவர் ஆறு மாதத் தவணை தந்தார். கடைசி இரண்டு மாதத்திலும் நான் இரண்டு கிலோ குறைந்திருந்தேன். நிறை ஆறு மாதமாவது ஓரிடத்தில் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் வெட்டிய பிறகும் தோல் தொங்கும். மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 7.8 இருந்தது, அதை 7 க்குக் கீழே கொண்டுவரச் சொன்னார். ஈமோகுளோபின் 10.2 தான், இரும்புச்சத்துக் குளிசை தந்தார். அப்போது கோபம் வந்தது. இன்று, அப்படித் திருப்பி அனுப்பாத வைத்தியரிடம் போகவேண்டாம் என்றுதான் மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

காசு பற்றி ஒரு வார்த்தை. டொக்டர் சொல்கிற தொகை வேறு, கடைசியில் கட்டுகிற தொகை வேறு. தியேட்டர், மயக்க மருந்து கொடுப்பவர், கட்டில், இரத்தப் பரிசோதனை, ஈசீஜி, இறுக்கச் சட்டை இரண்டு, மருந்து, திரும்பிக் காட்டப் போகும் ஒவ்வொரு பயணம். எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். எனக்குச் சீட்டுக்காசு முழுவதும் போனது, காப்புறுதியும் அழகுக்கான சிகிச்சை என்று கையை விரித்துவிட்டது.

ஆறு மாதம் கழித்து ஆடி பிறக்கும் நேரத்தில் போய்ப் படுத்தேன். நிற்கவைத்து, இரண்டு கையையும் சரணடைகிறவள் மாதிரித் தூக்கச்சொல்லி, ஊதா நிறப் பேனாவால் கோடு போட்டார்கள். படுத்தால் தோல் வேறு இடத்துக்கு ஓடிவிடுமாம், அதனால் நின்றபடிதான் கீறவேண்டும். காப்பு, மோதிரம், தாலிக்கொடி எல்லாம் கழற்றி இவரின் சேட்டுப் பையில். முழு மயக்கம், மூன்று மணித்தியாலம் போனதாம். கண்விழித்தபோது இரண்டு கையும் தலையணைகளின் மேல், நெஞ்சைவிட உயரத்தில் இருந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சிறு குழாய், அதில் சிவந்த நீர். விரல்கள் அவித்த மரவள்ளிக் கிழங்கு மாதிரி வீங்கியிருந்தன. பிரஷர் பார்க்கும் பட்டியைக் காலில் கட்டினார்கள். வலி நான் பயந்த அளவுக்கு இல்லை, இறுக்கம்தான் தாங்கமுடியவில்லை. சின்னப் பிள்ளையின் சட்டைக்குள் கையை நுழைத்ததுபோல.

இது புதுவித்தை என்று நினைக்கவேண்டாம். 1954 ஆம் ஆண்டிலேயே ஆர்ஜென்டினாவின் மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் இந்தச் சத்திரசிகிச்சையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அன்றும் தழும்புதான் பிரச்சினை, இன்றும் தழும்புதான்.

வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் ஒன்பது நாள் தங்கினேன். மூன்றாம் நாள் குழாய்களை எடுத்தார்கள், எட்டாம் நாள் காயத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார்கள். ராப்பஸ்ஸை விட்டு உதயதேவி ரயிலில் வந்தேன். எழுந்து நடக்கலாம், காலில் இரத்தம் கட்டாது. ஆனால் பெட்டிக்குள் ஏறுகிறவர்களின் பை, குழந்தையின் கால், வடைக்காரரின் கூடை, எல்லாம் புயத்தின் உயரத்துக்குத்தான் வருகின்றன. இவர் மட்டக்களப்பு வரை ஓரத்து இருக்கையில் வேலி மாதிரி இருந்தார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான ஒப்பரேஷன் தொடங்கியது. தியேட்டரில் போனது மூன்று மணித்தியாலம், வீட்டில் ஆறு கிழமை. தோளுக்கு மேல் கை தூக்கக்கூடாது, இரண்டு கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது. கேட்கச் சின்னக் கட்டளைதான். ஆனால் ஒரு பெண் வீட்டில் காலையிலிருந்து எத்தனை தடவை கையைத் தோளுக்கு மேல் கொண்டுபோகிறாள் என்று நான் அதுவரை எண்ணியதில்லை. தலை இழுப்பது, கொண்டை போடுவது, கொடியில் துணி போடுவது, மேல்தட்டில் மிளகாய்த்தூள் ரின், சாமித்தட்டில் விளக்கு, கதவின் மேல் தாழ்ப்பாள். தேங்காய் திருவ முடியாது. வாளி தூக்க முடியாது. உடுப்புத் தலைவழியாகப் போடமுடியாது, முன்னால் பொத்தான் உள்ள இவரின் பழைய சேட்டுத்தான் ஆறு கிழமையும். முடியை மகள் பின்னிவிட்டாள், ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் கோணலாக.

யாரும் எழுதாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன்: கழிவறை. முதல் கிழமைகளில் கை பின்னால் போகாது. கொழும்புக்குப் போகும் முன்னமே வீட்டில் கைக்குழாய் ஒன்றைத் தாழ்வாகப் பொருத்துவித்திருந்தேன். தங்கச்சி சொன்ன யோசனை அது, அவளுக்குக் கோயில் கட்டலாம்.

மாமி என்னை நன்றாகப் பார்த்தா. ஆனால் முதல் நாள் கட்டைப் பார்த்ததும் சொன்னது இதுதான்: "என்னகா புள்ள இது, நல்லா இரிந்த கையக் கொண்டுபோய் வெட்டிப்போட்டு வந்திரிக்காய்!" பிறகு சமையலறையைக் கையில் எடுத்தா. காயத்துக்கு ஆகாத சாப்பாடு எல்லாம் அவவுக்குக் கிரந்தி: இறால் கிரந்தி, நண்டு கிரந்தி, கத்தரிக்காய் கிரந்தி, முட்டையும் வேண்டாம். டொக்டரோ காயம் ஆறப் புரதம் வேணும், மீனும் முட்டையும் கூடச் சாப்பிடுங்கள் என்று அனுப்பியிருந்தார். சண்டை பிடிக்க எனக்குக் கையும் இல்லை, தெம்பும் இல்லை. நல்லவேளை, பிள்ளைப்பெற்றவளுக்குக் கொடுக்கிற சுறா வறைக்கு மாமியின் சட்டத்தில் இடம் இருந்தது. பருப்பும் சுறா வறையுமாக ஆறு கிழமையை ஓட்டினேன். முட்டையைத் தங்கச்சி அவித்து, கைப்பையில் ஒளித்துக் கொண்டுவருவாள்.

மஞ்சளும் நல்லெண்ணெயும் காயத்தில் பூசவேண்டும் என்ற விடயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. உடம்பு மூடாத காயத்துக்கு டொக்டர் சொல்லாத எதையும் வைக்கக்கூடாது. அது எவ்வளவு நல்ல மஞ்சளாக இருந்தாலும் சரி.

பதினோராம் நாள் ஒரு மடைத்தனம் செய்தேன். வீட்டில் யாருமில்லை, பிளேன்ரீ குடிக்க ஆசை, தேயிலை ரின் மேல்தட்டில். ஒரு தடவைதானே என்று இடது கையை நீட்டி எடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் காலை கமக்கட்டில் சட்டை ஈரமாக இருந்தது. வேர்வை என்று ஒரு நாள் சமாளித்தேன். மறுநாள் அந்த ஈரத்துக்கு ஒரு மணம் வந்தது. கண்ணாடியில் பார்த்தால், தையல் கமக்கட்டில் வளைகிற இடத்தில் ஒரு விரல் நுனி நுழைகிற அளவுக்குப் பிளந்து, உள்ளே மஞ்சளும் சிவப்புமாக இருந்தது.

படம் எடுத்துக் கொழும்புக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதில் வந்தது அடுத்த நாள் பின்னேரம். அவர்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் அந்த ஒன்றரை நாளும் நான் தூங்கவில்லை. கடைசியில் இங்கே மாலையில் தனியாக நோயாளர் பார்க்கும் ஒரு சேர்ஜனிடம் ஓட்டோவில் போனேன். அவர் ஏசவில்லை, கழுவி மருந்து வைத்தார். திரும்பத் தைக்கமுடியாதாம், அடியிலிருந்து தானாகவே ஆறி மேலே வரவேண்டும். ஒன்றுவிட்ட ஒரு நாள் டிரெசிங், மூன்றரைக் கிழமை. கமக்கட்டு இந்தச் சத்திரசிகிச்சையில் அடிக்கடி பிளக்கிற இடம்தான் என்று அவர்தான் சொன்னார். வேர்வை, அசைவு, இழுவை மூன்றும் அங்கேதான் கூடுகின்றன, சீனி இருந்தால் இன்னும் மோசம்.

ஒப்பரேஷனுக்கு முன் நான் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான்: மட்டக்களப்பில் காயம் திறந்தால் யாரிடம் போவது? கையில் ஒரு கடிதமாவது இருந்திருக்கவேண்டும். என்ன செய்தார்கள், எந்தத் தையல், என்ன மருந்து என்று. உங்களுக்குக் கொழும்பு எட்டு மணித்தியாலம் என்றால், ஊரில் பார்க்க ஒப்புக்கொள்கிற ஒரு வைத்தியரை முதலே பிடித்து வையுங்கள். சில விடயங்களுக்கு அதுவும் போதாது. ஒரு கை மட்டும் திடீரென்று வீங்கினால், காய்ச்சலோடு சிவப்புப் பரவினால், கெண்டைக்கால் வலித்தால், மூச்சு முட்டினால் எவருடைய பதிலுக்கும் காத்திராமல் நேரே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும்.

இறுக்கச் சட்டை என்பது இன்னொரு கதை. மணிக்கட்டிலிருந்து நெஞ்சு வரை ரப்பர் மாதிரி இறுக்கும் உடுப்பு, ஆறு கிழமை, குளிக்கும் நேரம் தவிர. நானோ கச்சான் காற்று அடிக்கும் காலத்தைத் தெரிவு செய்திருந்தேன், ஆகஸ்ட் லீவை நம்பி. பகலில் மின்விசிறியும் அனல்தான் வீசும். கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு. கட்டாயம் இரண்டு சட்டை வாங்குங்கள், ஒன்று காயும்போது மற்றது. மார்கழி லீவு நல்லது என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் அந்த மாரியில் சட்டை எங்கே காயும், வெள்ளம் வந்தால் டிரெசிங்குக்கு எப்படிப் போவது என்றும் நினைக்கிறேன். எங்கள் ஊரில் இதற்குத் தோதான மாதம் தை கடைசிதான் போலும், அப்போது லீவு இல்லை.

ஆடி அமாவாசைக்கு எனக்கு நான்காம் கிழமை. மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்குப் போகாமல் இருந்து பழக்கமில்லை. சனத்துக்குள் போகவேண்டாம் என்று இவர் தடுத்தார், வெளிவீதியில் தூரத்தில் நின்றேன். அரோகரா என்று எல்லாக் கைகளும் தலைக்கு மேல் எழுந்தன. என்னுடைய கைகள் நெஞ்சோடு நின்றன. பக்கத்தில் நின்ற கிழவி ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தன் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

மரத்துப்போவது பற்றி முதலே சொல்லியிருந்தார்கள், நான்தான் காதில் போடவில்லை. முன்கையின் உட்பக்கத்துக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு, முழங்கைக்குச் சற்று மேலே தோலுக்குக் கிட்டவாக ஓடுகிறது. வெட்டும் இடமும் அதுதான். எனக்கு இரண்டு பக்கமும் சின்னவிரல் பக்கமாக மணிக்கட்டு வரை மரத்திருந்தது. ஏழாம் கிழமை சொதி இறக்கும்போது சட்டியின் விளிம்பு வலது முன்கையில் பட்டது. தெரியவில்லை. மகள்தான் "அம்மா, கை!" என்று கத்தினாள். பார்த்தால் கொப்புளம். எட்டு மாதத்தில் பெரும்பாலும் திரும்பிவிட்டது. இடது பக்கத்தில் மூன்று விரல் அகலத்துக்கு இன்னும் யாரோ வேறொருவரின் தோல் மாதிரித்தான்.

தழும்பு மூன்றாம் மாதத்தில் மிக மோசமாக இருந்தது. நம் நிறத்துக்கு அது கறுத்துத் தடிக்கும், அரிக்கும். சிலிக்கன் தாள் ஒட்டச் சொன்னார்கள், எங்கள் வேர்வைக்கு அது மத்தியானத்துக்குள் உரிந்து பிளவுஸுக்குள் சுருண்டு கிடக்கும். பகலில் சிலிக்கன் ஜெல், இரவில் தாள் என்று மாற்றிக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் அழுத்தித் தடவினேன். இடது கமக்கட்டில் பிளந்து ஆறிய இடம் மட்டும் கயிறு மாதிரித் தடித்தது, அதற்கு மூன்று தடவை ஸ்டீரொயிட் ஊசி போட்டுத்தான் தணிந்தது. இப்போது ஒன்றரை வருடம். கோடு பால்தேநீர் நிறத்துக்கு வந்திருக்கிறது. இதற்கு மேல் பெரிதாக மாறாது என்கிறார்கள். காது குத்திய இடத்தில் கொட்டைப்பாக்கு மாதிரித் தடித்த அனுபவம் உள்ளவர்கள், அதை டொக்டரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடவேண்டும். அவர்களுக்கு இந்தக் கோடு முழங்கை வரைக்கும் அப்படியே வரக்கூடும்.

பள்ளிக்கூடத்தில் வெளியே கிண்டல் பேசிய சிலர், உள்ளே தனியாகக் கூப்பிட்டுக் கையைக் காட்டச் சொன்னார்கள். கலியாணத்துக்கு முன் செய்யலாமா என்று ஒரு இளம் ஆசிரியை கேட்டாள். தோல் இறுக்கமாக இருந்தது, கொழுப்புக் கொஞ்சம். வெட்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை என்றேன். நிறை குறைக்க இன்னும் இருக்கிற இன்னொருவரிடம் குறைத்து முடித்துவிட்டு வாருங்கள் என்றேன். கைக்குழந்தை உள்ள ஒருத்தியிடம் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்: ஆறு கிழமை பிள்ளையைத் தூக்க வேறு ஆள் இல்லாவிட்டால் காசு இருந்தும் பிரயோசனமில்லை.

போன மாதம் ஒரு சாரிக்குப் பிளவுஸ் தைக்கக் கொடுத்தேன். தையல்காரத் தங்கச்சி புயத்தைச் சுற்றி நாடாவைப் பிடித்துவிட்டுக் கொப்பியைப் புரட்டினாள். "அக்கா, பழைய அளவு 16 எண்டு கிடக்கு, இப்ப 12 வருது. அண்டைக்குப் பிழையா எழுதிட்டனோ?" சரியாகத்தான் எழுதியிருக்கிறாய் என்றேன். கை எவ்வளவு நீளம் என்று கேட்டாள். முழங்கைக்கு மேலே நாலு அங்குலம் ஏற்றி வை என்றேன். அவள் சோக்கால் அடையாளம் போடப் போகும்போது கையைத் தூக்கிக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தேன்.

"மூண்டு போடு" என்றேன்.